பருப்பில் கிடந்த அகலாச் சுடர்

அகலாச் சுடர் என்று பெயர் சூட்டப்பட்ட நாள்முதல் பதினோரு அரசர்களை விட்டு அகன்றுபோன அந்த வைரம், ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை முற்பகலில், மாறனேந்தல் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் செங்கமலம் மெஸ்ஸின் பின்கட்டில், ஐந்து கிலோ துவரம்பருப்புக்கு நடுவே கிடந்தது. முறத்தில் பருப்பைப் புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த செங்கமலம் அதையும் கல் என்றே நினைத்தாள். நினைத்ததில் பிழையில்லை, வைரமும் கல்தான். எடுத்து வாய்க்கால் பக்கம் எறிந்துவிட்டு அடுத்த முறத்துக்குப் பருப்பை அள்ளினாள்; அதிலும் கிடந்தது. வேப்பமரத்துக்கு அப்பால் வீசினாள்; மூன்றாவது முறத்திலும் பெரிய நெல்லிக்காய் அளவில், யாரோ கழுவித் துடைத்து வைத்ததுபோலப் பளிச்சென்று கிடந்தது.

"அக்கா, இதென்ன, சோடாப் பாட்டில் கோலியா?" என்றாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்சா.

"கோலின்னா உருண்டையால்ல இருக்கும்? இதுல மூலை மூலையா இருக்கு."

உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தபடியால், செங்கமலம் கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, சோறு வடித்த பிறகுதான் நாலு கடை தள்ளியிருக்கும் குழந்தைவேல் பத்தரிடம் கொண்டுபோனாள். நாற்பது வருடமாகத் தோடும் மூக்குத்தியும் கட்டிக்கொடுக்கும் பத்தர், கல்லின்மேல் வாயால் ஊதினார். மூச்சின் ஈரம் படிவதற்குள் மறைந்தது. இன்னொரு முறை ஊதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தாயி, இது எங்க கிடந்துச்சு?"

"பருப்புல."

"எந்தக் கடைப் பருப்பு?"

அன்றைக்கு அந்தச் சேதியைக் கேட்ட எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி இதுதான் என்பதும், மதியம் இரண்டு மணிக்குள் அந்தக் கடையில் துவரம்பருப்பு தீர்ந்துபோனது என்பதும், எங்கள் ஊர் அற்புதங்களை எந்தப் பக்கத்திலிருந்து அணுகும் என்பதற்குச் சான்று. கல் யாருடையது என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் கடல்கடந்த அரசு ஒன்றின் கிரீடம் படமாக இருக்கிறது. அதன் நெற்றிக் கல்லைச் சுற்றிப் பேனாவால் வட்டம்போட்டு "இது எங்க ஊர்க் கல்லு" என்று எழுதாத மாணவர் மாறனேந்தலில் பிறந்ததில்லை. கிரீடத்தை வைத்திருக்கும் காட்சிசாலையிலிருந்து கல் காணாமல்போனதாக அறிவிப்பு ஏதும் வரவில்லை. அங்கே மக்கள் வழக்கம்போல வரிசையில் நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் எதையோ பார்த்து வியந்துவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். சரியாக விளக்குப் போட்டு வைத்தால் கற்கண்டுக்கும் அந்த மரியாதை கிடைக்கும்.

சமஸ்தானத்து ஏடுகளில் இந்த வைரத்தைப் பற்றிய முதல் குறிப்பு ஒன்றரை வரி. சோற்றுச் சாவடியில் பருப்புப் புடைத்த பெண்ணொருத்தி இதைக் கண்டெடுத்தாள் என்றும், முத்துவிசைய ராசா இதை ஏற்றருளினார் என்றும் அது சொல்கிறது. கண்டெடுத்தவளுக்கு ஏட்டில் பெயரில்லை, ஏற்றருளியவருக்கு ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. அவைப் புலவர் கல்லின்மீது நூறு செய்யுள் பாடி, என்றும் நீங்காத விளக்கு என்ற பொருளில் பெயரும் வைத்து, ஒரு கிராமத்தைப் பரிசாக வாங்கிக்கொண்டு போன நாற்பதாம் நாள், ராசா காட்டுக்குத் துரத்தியிருந்த அவருடைய அண்ணன் முந்நூறு வேல்களோடு திரும்பிவந்தார். ராசா போனார், கல் அண்ணனுக்குப் போனது. அண்ணன் நாடுகடத்தியிருந்த மந்திரி பக்கத்து நாட்டுப் படையோடு திரும்பிவர, கல் பக்கத்து நாட்டுக்குப் போனது. அங்கிருந்து வடக்கே ஒரு சுல்தானிடம், அவரிடமிருந்து ஒரு பேரரசரிடம், அவரிடமிருந்து மலைகளுக்கு அப்பால் ஒரு படைத்தலைவரிடம் என்று, நூறு செய்யுளையும் ஒவ்வொன்றாகப் பொய்யாக்கிக்கொண்டே போய், கடைசியில் கப்பலேறியது. கல்லில் தோஷம் இருக்கிறது என்று எழுதிவைக்காத வரலாற்றாசிரியர் இல்லை. உள்ளே எள்ளளவு கறுப்புப் புள்ளி இருப்பதாகப் பார்க்காதவர்கள்கூட எழுதினார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்த வரலாற்றைக் கேட்டால் உச்சுக்கொட்டி ஒன்றே ஒன்றுதான் சொல்வார்கள்: பதினோரு பேரில் ஒருத்தராவது மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்திருந்தால் இத்தனை கேடு வந்திருக்குமா?

மாறனேந்தலில் மூக்குத்தி வைரம்கூட எடுத்த எடுப்பில் வாங்கமாட்டார்கள். பத்தர் கல்லை நீலத்தாளில் மடித்துக் கொடுப்பார். வாங்குகிறவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமிமாடத்திலோ தலையணைக்கு அடியிலோ மூன்று நாள் வைத்துப் பார்ப்பார். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, பால் திரியவில்லை, சண்டை வழக்கமான அளவைத் தாண்டவில்லை என்றால் கல் அந்த வீட்டுக்கு ராசி. இல்லையென்றால் பொட்டலம் பிரிக்காமல் பத்தரிடம் திரும்பிவிடும். ஆகவே பேரூராட்சித் தலைவர் மீனாள் கூட்டிய அவசரக் கூட்டத்தில், கல் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்ற கேள்வி ஒருதரம் எழுந்தது.

"சொல்லத்தான் போறோம். அதுக்கு முன்னாடி ராசி பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றார் மீனாள்.

ஒரு வீட்டுக்கு மூன்று நாள், ஊர் முழுவதற்கும் பொதுவாகப் பன்னிரண்டு வீடுகள் என்று முடிவாகி, பித்தளைக் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். குடத்தில் ஊரிலுள்ள எல்லா வீட்டுப் பெயரும் விழுந்தது, கல்லைக் கண்டெடுத்த வீட்டின் பெயரைத் தவிர. இது மறதியால் நேர்ந்ததல்ல. செங்கமலம் ராசியில்லாதவள் என்பது ஊரில் ஆறு வருடமாக முடிந்துபோன விஷயம். மேலத்தெரு தெய்வசிகாமணிக்கு அவளைக் கட்டிக்கொடுத்த முதல் மாதம் அந்த வீட்டுக் கிணறு வற்றியது, இரண்டாம் மாதம் அவனுடைய பைக் களவுபோனது, மூன்றாம் மாதம் மாமியார் பஞ்சவர்ணம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பதினான்கு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒத்துவராத பொட்டலத்தைப்போல அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப்பட்டவள் வீட்டில் கல்லை வைத்துப் பார்த்தால் கேடு கல்லுடையதா அவளுடையதா என்று எப்படிப் பிரித்தறிவது என்பது ஊரின் வாதம். அது ஒரு விஞ்ஞானியின் வாதத்தைப்போலவே ஒழுங்காக இருந்தது, அதுதான் அதிலிருந்த குறை. செங்கமலம் அந்தக் கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்திருந்தாள். கேட்டுக்கொண்டே, "சீனி இல்லாதது யாருக்கு?" என்றாள்.

முதல் சீட்டு சவரிமுத்து வாத்தியாருக்கு விழுந்தது. கல் போன மறுநாள், பதினோரு வருடங்களுக்கு முன் கூண்டைத் திறந்துகொண்டு பறந்துபோன கிளி சன்னலில் வந்து உட்கார்ந்து, அந்த வீட்டில் அந்தக் காலத்தில் கற்ற கெட்டவார்த்தையை அன்று சொன்ன அதே சுத்தமான உச்சரிப்பில் சொன்னது. மூன்றாம் நாள் காலை வாத்தியார் தலையில், முப்பது வயதில் உதிர்ந்த முடி முழுவதும், அப்போதிருந்த அதே கறுப்பில் திரும்பியிருந்தது. கிளி, முடி இரண்டையும் நல்ல சகுனத்தில் சேர்த்தார்கள். மறுவாரம் ஊரிலுள்ள வழுக்கைத் தலைகள் எல்லாம் பேரூராட்சி அலுவலக வாசலில் மினுங்கின.

இரண்டாவது சீட்டு கதீஜா பீவிக்கு. முதல் நாளிலேயே அவருடைய இடது காதுக்கு எட்டு வருடமாகப் போயிருந்த செவிப்புலன் திரும்பியது. இரண்டாம் நாள் அந்தக் காதால் தம் மருமகள்கள் இருவரும் தம்மைப் பற்றிப் பேசியதை முழுமையாகக் கேட்டார். மூன்றாம் நாள், துபாயில் வேலையிலிருந்த கடைசி மகன் ஜாபர், தலையில் ஷாம்பு நுரை காய்ந்து ஒட்டியிருக்க, ஒரு காலில் மட்டும் செருப்போடு, வீட்டு வாசலில் வந்து நின்றான். மகனைக் கட்டிக்கொண்டு அழுத பீவி, அழுது முடித்ததும் கல்லைத் தாம்பாளத்தில் வைத்து மீனாளிடம் கொண்டுபோனார்.

"இது ராசிக்கல்லும் இல்ல, தோஷக்கல்லும் இல்லம்மா. கூப்புடுற கல்லு. எந்த வீட்ல வைக்கிறோமோ, அந்த வீட்ட விட்டுப் போனதையெல்லாம் கூப்பிட்டுருது."

மூன்றாவதாகக் கல்லைப் பெற்ற மாவுமில் சீமைச்சாமியின் வீட்டுக்கு, காசிக்குப் போய்ச் சாமியாராகிவிட்ட அவருடைய தம்பி வந்து காப்பி கேட்டபோதும், நான்காவது வீட்டுக்கு இரவல் போன குடைகள் பதினேழும் மூங்கில் கொக்கிகளை ஆட்டிக்கொண்டு தெருவழியே வந்துசேர்ந்தபோதும், பீவி சொன்னது உறுதியாயிற்று. பதினோரு அரசர்களின் வரலாற்றையும் இனித் திருத்தி எழுத வேண்டும். கல் யாரையும் அழிக்கவில்லை. போனதைத் திரும்பக் கூப்பிட்டது, அவ்வளவுதான். சாதாரண வீட்டிலிருந்து போவது கிளியும் குடையும் பிள்ளையும். அரண்மனையிலிருந்து போவது அண்ணனும் மந்திரியும், கண்ணைப் பிடுங்கி விரட்டப்பட்ட பங்காளியும். எவன் எத்தனை பேரைத் துரத்திவிட்டு அரியணையில் உட்கார்ந்தானோ, அவன் வீட்டுக்கு அத்தனை பேரும் விருந்துக்கு வந்தார்கள். தோஷம் எதில் இருந்தது என்பதை இதற்குமேல் விளக்கிச் சொன்னால் அது வாசகரை அவமதிப்பதாகும்.

ஊர் இதை இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டது. பசு தொலைத்தவர்கள் பட்டியலில் தங்கள் பெயரை முன்னால் நகர்த்தச் சொன்னார்கள், இளமையில் இரண்டொரு காரியம் செய்திருந்தவர்கள் பெயரையே எடுத்துவிடச் சொன்னார்கள். சிலர் வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே நாளில் தனித்தனியாக வந்து, மற்றவருக்குத் தெரியாமல், எடுத்துவிடச் சொன்னார்கள்.

செங்கமலம் மட்டும் பட்டியலை வேறு விதமாகப் படித்தாள். ஏழாவது பெயர்: தெய்வசிகாமணி, மேலத்தெரு.

அன்று மதியம் ஜாபர் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எப்படிப்பா வந்த? உனக்கா வரணும்னு தோணுச்சா?"

"எனக்கு எங்கக்கா தோணுச்சு? குளிச்சுக்கிட்டிருந்தேன். காலு கிளம்பிருச்சு. நான் அது பின்னாடியே வந்தேன். விமானத்துலகூட எந்திரிச்சு எந்திரிச்சு நின்னேன், உக்காருங்க சார் உக்காருங்க சார்னு கெஞ்சுனாங்க."

"நிறுத்திப் பாக்கலையா?"

"நிறுத்துறதா? அது என் பேச்ச எங்க கேக்குது? துபாய் வேலையும் போச்சு. சரி விடுக்கா, அம்மா சந்தோசமா இருக்கு. கொஞ்சம் அப்பளம் இருக்குமா?"

மறுநாள் காலையில் பார்த்தாள். முந்தின நாள் தெற்குப் பார்த்துக் கழற்றிவிட்ட அவளுடைய செருப்புகள் மேற்குப் பார்த்துத் திரும்பியிருந்தன. திருப்பி வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வருவதற்குள் மறுபடி மேற்கே பார்த்தன. மேலத்தெரு அந்தத் திசையில்தான் இருக்கிறது.

தெய்வசிகாமணி வீட்டில் அப்போது இதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை, அங்கே துணி வெளுத்துத் தரும் தன் மதினி வழியாகக் கேட்டுவந்து அம்சா சொன்னாள். தாயும் மகனும் கிணற்றுத் தண்ணீரையும் பைக்கையும் எதிர்பார்த்துத்தான் சீட்டுப் போட்டிருக்கிறார்கள். தெய்வசிகாமணிக்குத்தான் நேற்றைக்கு உறைத்திருக்கிறது. "ஏம்மா, அப்ப அவளும் வந்துருவாளோ?" என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பஞ்சவர்ணம், முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமல், "வந்தா வரட்டும். வீட்ல வேலைக்கு ஆளில்லாமத்தான கிடக்கு" என்றிருக்கிறார்.

செங்கமலம் சிரிக்கவில்லை. ஆறு வருடத்தில் அவள் நான்கு பெஞ்சுகளில் தொடங்கிய மெஸ்ஸை இருபது பெஞ்சாக்கியிருந்தாள். தன் வேளையில் எழுந்து, தன் சுவைக்கு உப்புப் போட்டு, பிற்பகல் மூன்று மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்து வார இதழ் படிக்கும் வாழ்க்கை அது. அந்தக் கால்களே தன்னை முறுக்கு உரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்பதுதான் அவளால் தாங்கமுடியாததாக இருந்தது. அன்று முழுவதும் யோசித்தாள். சாயங்காலம் வாழையிலை அடுக்கும்போது கேட்டாள்.

"அம்சா, எங்க அப்பா கட்டுன இந்த வீட்ட விட்டுப் போனது என்னென்னடி?"

"என்னென்ன? உன் சீர்ப்பாத்திரம் அம்பத்தொண்ணு. அதத்தான் அவுக திருப்பித் தரவே இல்லையே."

"அப்புறம்?"

அம்சா கையிலிருந்த இலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்புறம் நீயி."

ஐந்தாவது சீட்டு மீனாளின் வீட்டுக்கே விழுந்திருந்தது. மறுநாள் பிற்பகல் செங்கமலம் அங்கே போனபோது, பேரூராட்சித் தலைவர் கூடத்துச் சன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு வாழையிலை விரித்துச் சோறு பரிமாறியிருந்தது. அவருடைய கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. கல் இறந்தவர்களைக் கூப்பிடுவதில்லை, எந்த வீட்டுக்கும் அப்படி யாரும் வரவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் அப்போது பீடி வாசனை இருந்தது, ஒரு பீடி எரிந்து முடிகிற நேரம் இருந்தது, முடிந்ததும் போய்விட்டது. அதுவரை செங்கமலம் வாசற்படியில் ஓசைப்படாமல் நின்றாள்.

"எத்தன தடவ திட்டியிருப்பேன், வீட்டுக்குள்ள பத்தவைக்காதீகன்னு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மீனாள். "சொல்லு தாயி, என்ன?"

"கல்லு எடுத்த வீட்ல வச்சுப் பாக்கவே இல்லையேக்கா."

மீனாள் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு வாசலில் அவள் கழற்றிவிட்டிருந்த செருப்புகளைப் பார்த்தார். அவை வீட்டைப் பார்க்காமல் மேற்கே பார்த்துக் கிடந்தன. கல் ஏழாவது வீட்டுக்குப் போவதற்கு முன் ஊரைக் கூட்டுவதாகச் சொன்னார்.

ஆறாவது வீட்டில் கல் இருந்த மூன்றாம் நாள் ஊர் மறுபடி கூடியது. பஞ்சவர்ணம் முதல் ஆளாக எழுந்தார்.

"அடுத்த முறை எங்களுது. சீட்டுன்னா சீட்டுதான். இவ வீட்ல கொண்டுபோய் வச்சா கல்லுல்ல கெட்டுப்போகும்?"

"பதினோரு ராசா வீட்ல இருந்து கெடாத கல்லு, என் பருப்பு டப்பாவுல மூணு நாள் இருந்தா கெட்டுப்போயிருமா அத்தே?" என்றாள் செங்கமலம். கூட்டத்தில் யாரோ தும்முவதுபோலச் சிரித்தார்கள்.

"என்னடி அத்தே? உறவு விட்டு ஆறு வருசமாச்சு."

"உறவுதான விட்டுச்சு? பாத்திரம் இன்னும் உங்க அடுப்புலதான இருக்கு."

குழந்தைவேல் பத்தர் எழுந்து தொண்டையைச் செருமினார். பத்தர் கூட்டத்தில் பேசுவது அரிது, ஆகவே எல்லோரும் திரும்பினார்கள். "எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. கல்லு கைக்கு வந்ததும் முதக் கேள்வி, இதுக்கு முன்னாடி எந்த வீட்ல இருந்துச்சு, அங்க எப்படிங்கிறதுதான். அதக் கேக்காம அடுத்த வீட்டுக்குக் குடுத்ததே பிசகு. நானும் வாயத் தொறக்கல, எம்மேலயும் தப்பு இருக்கு. இது இல்லாம நீங்க பாத்த ஆறு வீட்டு ராசியும் செல்லாது."

செல்லாது என்ற சொல் எங்கள் ஊரை எப்போதும் கலங்கவைக்கும். அரை மணி நேர இரைச்சலுக்குப் பிறகு, முதலில் செங்கமலத்துக்கு மூன்று நாள், அடுத்து தெய்வசிகாமணிக்கு மூன்று நாள் என்று தீர்ப்பாயிற்று. அவள் கல்லை வாங்கிக்கொண்டுபோய்த் துவரம்பருப்பு டப்பாவில் போட்டு மூடினாள்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. பஞ்சவர்ணம் தெருவில் நின்று, "சொன்னேனா இல்லையா?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டார். செருப்புகள் மேற்கே பார்த்தபடியே கிடந்தன.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு மேலத்தெருப் பக்கமிருந்து, தேரோட்டத்துக்கு முன்னால் வரும் மேளம்போல ஓர் ஓசை கேட்டது. முதலில் பித்தளை அண்டா, தெருவின் நட்டநடுவே நிதானமாக உருண்டு வந்தது; அதன் பின்னால் இரண்டு குடங்கள், தவலை, கொப்பரை, பால்சட்டி; பிறகு தட்டுகளும் தம்ளர்களும் கரண்டிகளும், பள்ளிக்கூடம் விட்டதுபோல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு; அவற்றுக்கு நடுவே கல்யாணக் குத்துவிளக்கு ஒன்று, விழாமல், நிமிர்ந்து, தான் ஒன்றும் அவசரத்தில் இல்லை என்பதுபோல நடந்து வந்தது. எல்லாவற்றின் அடியிலும் செங்கமலம் என்று பெயர் வெட்டியிருந்தது. ஊர்வலத்தின் கடைசியில், அடுப்பிலிருந்து நேராக இறங்கிவந்த குழம்புச்சட்டி, கொதி அடங்காமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்தது. அதன் பின்னால் கரண்டியோடு பஞ்சவர்ணம் ஓடிவந்தார்.

"குழம்பையாவது குடுத்துட்டுப் போடி!"

செங்கமலம் குழம்பை வேறொரு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தாள். கொடுக்குமுன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "புளி தூக்கல் அத்தே" என்றாள்.

அம்சா எண்ணினாள். ஐம்பது இருந்தது. ஐம்பத்தோராவதான பால் சொம்பைத் தெய்வசிகாமணி தன் அக்காள் வீட்டுக்குக் கொடுத்திருந்தான், அவள் இருப்பது அறுபது கிலோமீட்டருக்கு அப்பால். மூன்றாம் நாள் காலை பதினொன்றரைப் பேருந்தில், சன்னலோர இருக்கையில் அது வந்து இறங்கியது. நடத்துநர் அதைத் தூக்கி மெஸ் வாசலில் வைத்துவிட்டு, "வழியெல்லாம் ஒரு தொந்தரவு இல்ல" என்றார்.

இனி மிச்சம் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, பந்திக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த செங்கமலத்தின் வலது கால் தானாக ஓர் அடி முன்னால் போனது. தண்ணீர்ச் செம்பு கையிலிருந்து விழுந்தது. இடது கால் தொடர்ந்தது. "அம்சா!" என்று கத்தினாள். அம்சா இடுப்பைக் கட்டிக்கொண்டாள், ஜாபர் கையைப் பிடித்து இழுத்தான். கால்கள் மூவரையும் இழுத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே போய், வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கின. தெரு அப்படியே நின்றது. மேலத்தெரு முனையில் பஞ்சவர்ணமும் அவர் மகனும் நின்றிருந்தார்கள். செங்கமலம் மேற்கே ஓரடி வைத்தாள். இரண்டடி வைத்தாள். "போக மாட்டேன்" என்று அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. இரைந்து சொல்லவில்லை, பிடிவாதமான பிள்ளை தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். மூன்றாவது அடிக்குத் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

பிறகு கால்கள் திரும்பின.

அவள் பிறந்த வீட்டைப் பார்த்துத் திரும்பி, பிடித்தவர்களை உதறிவிட்டு, நிதானமாக நடந்து, வாசற்படிக்கு வெளியே ஒரு கணம் நின்றன. ஆறு வருடங்களுக்கு முன் அவள் ஆட்டோவில் வந்து இறங்கி, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கொல்லை வழியாகத் தலைகுனிந்து உள்ளே போனவள். அப்படி வந்ததை அந்த வீடு வந்ததாகவே எடுத்துக்கொள்ளவில்லை போலும். மேளத்தோடு முன்வாசல் வழியாகப் போனவள் இன்னும் வரவேண்டும் என்று காத்திருந்திருக்கிறது. அம்சாவுக்கு அது அந்த நொடியில் புரிந்தது. உள்ளே ஓடி, தட்டில் தண்ணீர் ஊற்றி, குழம்புக்கு வைத்திருந்த மஞ்சள்தூளையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வந்து, மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"வலது கால எடுத்து வச்சு வாக்கா."

செங்கமலம் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும், லாரி ஓட்டுநர்கள் உட்பட, எழுந்து நின்றார்கள். அதன்பின் ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்து சோறு கேட்டார்கள்.

மறுநாள் கல் மேலத்தெருவுக்குப் போனது. செருப்புகள் அவள் கழற்றிவிட்ட திசையையே பார்த்துக் கிடந்தன. வந்துசேர்ந்தவளைக் கூப்பிட ஒரு கல்லுக்கும் வழியில்லை. கிணற்றுக்கு ஓர் அடி தண்ணீர் திரும்பியது உண்மை. பைக்கும் வந்தது, ஆனால் இப்போதைய உரிமையாளரை மேலே வைத்துக்கொண்டே வந்தது, அவர் ஒரு காவலர். இவை தவிர, பஞ்சவர்ணம் சாக்கில் கட்டிச் சந்தைப்பேட்டையில் மூன்று முறை விட்டுவந்த பெண்பூனை, இடைப்பட்ட வருடங்களில் அடைந்திருந்த மக்கள், பேரர், கொள்ளுப்பேரர் முப்பத்தெட்டுப் பேரோடு வந்து கூடத்தில் அமர்ந்தது.

அந்த வீட்டில் கல் மூன்று நாள் தங்கவில்லை. மறுநாள் காலை செங்கமலம் சாம்பாருக்குப் பருப்பு எடுக்க டப்பாவைத் திறந்தபோது அது உள்ளே கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்தார்கள், மறுநாள் மறுபடி டப்பாவில். எட்டாவது வீட்டில் வைத்தாலும், பேரூராட்சிப் பெட்டகத்தில் இரண்டு பூட்டுப் போட்டு வைத்தாலும், விடிந்ததும் பருப்பில்தான் இருந்தது. பத்தர்தான் சொன்னார்: அவள் வீட்டில் மூன்று நாள் இருந்தபோது அந்த வீட்டைவிட்டுப் போனதையெல்லாம் கல் கூப்பிட்டிருக்கிறது, போனவற்றில் அதுவும் ஒன்று. சமஸ்தானத்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது, பெயரில்லாத அந்தப் பெண் பருப்புப் புடைத்த சோற்றுச் சாவடி, இன்றைய மெஸ்ஸின் பின்கட்டில் அடுப்பிருக்கும் இடத்தில் இருந்தது தெரிந்தது. ஏற்றருளியவர்களின் பட்டியல் அத்துடன் முடிந்தது.

"ராசி எப்படிம்மா?" என்று முறைப்படி கேட்டார் மீனாள்.

"எனக்கு ஒத்துக்கிருச்சு" என்றாள் செங்கமலம். "அதுக்கு நான் ஒத்துக்கிறேனான்னு அதுதான் பாத்துச் சொல்லணும்." கல் அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை.

கார்த்திகையில் கடல்கடந்த காட்சிசாலையிலிருந்து ஒருவர், யாருக்கும் தெரியாமல், ஒரு வெல்வெட் பெட்டியோடு வந்தார். செங்கமலம் டப்பாவை அவர் முன்னால் திறந்து வைத்து, "தாராளமா எடுத்துக்கங்க சார். முதல்ல சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டார், எடுத்துக்கொண்டு போனார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். மறுமுறையும் அப்படியே. மூன்றாவது முறை வந்தபோது பெட்டியைக் கொண்டுவரவில்லை. இலையைக் கழுவித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்த இடைவெளியில் கற்றுக்கொண்டிருந்த தமிழில், "பருப்பு இன்னொரு கரண்டி" என்றார்.

இப்போது மாறனேந்தலில் ஒரு புது வழக்கம் இருக்கிறது. கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகும் பெண் யாராக இருந்தாலும், எந்தத் தெருவாக, எந்தச் சாதியாக, எந்தச் சாமியாக இருந்தாலும், வண்டி ஏறுவதற்கு முன் செங்கமலம் மெஸ்ஸில் ஒருவேளை பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டு முன்வாசல் வழியாகத்தான் போகிறாள். மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்டால், ஊர் வழக்கம் என்கிறோம். போன இடம் நன்றாக இருந்தால் நல்லது, பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. இல்லையென்றால் அதை அவள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, காலே வழி கண்டுபிடித்துவிடும். இதுவரை இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் கொல்லை வழியாக விடாமல், முன்வாசலில் நிறுத்தி, அம்சா ஆரத்தி எடுத்தாள்.